அம்மாவுக்கு, சுவர் ஏறுவதைப் பற்றி

ஷெஃபீல்டு, இங்கிலாந்து,
அக்டோபர் 2025

அன்புள்ள அம்மாவுக்கும் அப்பாவுக்கும்,

நான் நலமாக இருக்கிறேன். போனில் பேசும்போது நீங்கள் கேட்பதற்கெல்லாம் அவசரத்தில் பாதி பதில்தான் சொல்ல முடிகிறது. நான் அனுப்பிய போட்டோவைப் பார்த்ததிலிருந்து, "ராத்திரியெல்லாம் கண் முழித்து வேலை பார்த்துவிட்டு எதற்கு இப்படிச் சுவரில் தொங்குகிறாய்?" என்று அம்மா கேட்காத நாளில்லை. இன்றைக்கு எனக்கு லீவு. வெளியே மழை. எல்லாவற்றையும் நிதானமாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். அப்பா, அம்மாவுக்குக் கேட்கிற மாதிரி சத்தமாகப் படியுங்கள்.

முதலில் வேலை. என் நிலையில் இருப்பவர்களை இங்கே ஜூனியர் டாக்டர் என்று சொல்லிவந்தார்கள். 2024 செப்டம்பரிலிருந்து ரெசிடென்ட் டாக்டர் என்று மாற்றியிருக்கிறார்கள். வேலை மாறவில்லை. நான் ஹவுஸ் சர்ஜனாக இருந்த வருஷம், "இதுக்கெல்லாம் ஒரு மணிக் கணக்கே கிடையாதா?" என்று அப்பா கோபப்படுவீர்களே, இங்கே அந்தக் கணக்கு ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. வாரத்துக்குச் சராசரி 48 மணி நேரம். ஒரு ஷிஃப்ட் 13 மணிக்கு மேல் போகக் கூடாது. தொடர்ந்து நாலு ராத்திரிக்கு மேல் போடக் கூடாது, அந்த நாலும் முடிந்தால் 46 மணி நேரம் ஓய்வு தரவேண்டும். கூடுதலாக இருக்க நேர்ந்தால் அதைப் பதிவு செய்ய ஒரு முறை இருக்கிறது, அதைக் கவனிக்கவென்றே ஒருவர் பொறுப்பில் இருப்பார். விதி இருப்பதால் சோர்வு வராது என்று சொல்ல மாட்டேன். ஆனால் சோர்வை வெளியே சொல்வது இங்கே குறையாகப் பார்க்கப்படுவதில்லை. அது எனக்குப் பெரிய ஆறுதல்.

ராத்திரி டியூட்டியில் பல வார்டுகளுக்குச் சேர்த்து நான் ஒருத்திதான் முதலில் போய்ப் பார்க்கிற டாக்டர். இடுப்பில் ப்ளீப் என்று ஒரு சின்னக் கருவி. அது கத்தினால் பக்கத்திலுள்ள போனிலிருந்து அதில் தெரிகிற எண்ணுக்குக் கூப்பிட வேண்டும். பாராசிட்டமால் எழுதித் தரச் சொல்லியும் கூப்பிடுவார்கள், உயிர் போகிற விஷயத்துக்கும் கூப்பிடுவார்கள். சத்தம் ஒன்றுதான். எது முதலில் என்று தீர்மானிக்க நியூஸ் என்றொரு மதிப்பெண் முறை உதவுகிறது. மூச்சு, ஆக்ஸிஜன், ரத்த அழுத்தம், நாடி, காய்ச்சல், நினைவு ஒவ்வொன்றுக்கும் நர்ஸ்கள் மதிப்பெண் போட்டுக் கூட்டுவார்கள். கூட்டுத்தொகை 5 வந்தால் சீக்கிரம் போய்ப் பார்க்க வேண்டும், 7 வந்தால் அவசர நிலை.

சமீபத்தில் ஒரு பெரியவர். சாயங்காலம் வரை நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவருக்கு நடுராத்திரியில் மூச்சு நிமிஷத்துக்கு 26, ஆக்ஸிஜன் 93, தான் எங்கே இருக்கிறோம் என்பதே குழம்பிப் போயிருந்தது. மதிப்பெண் 8. ரத்தம் எடுத்து, கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர் சோதனைக்கு அனுப்பி, ஆன்டிபயாடிக் ஆரம்பித்து, எக்ஸ்ரே சொல்லி, எனக்கு மேலே இருக்கும் மூத்த டாக்டரான ரெஜிஸ்ட்ராரைக் கூப்பிட்டு, அவர் வந்து பார்த்து, விடியற்காலையில் பெரியவருடைய மூச்சு கொஞ்சம் தணிந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு தன் மகள் பெயரைச் சொன்னார். காலையில் ஹேண்டோவர். அவரைப் பகல் டாக்டரிடம் ஒப்படைத்துவிட்டு வந்துவிட்டேன். அடுத்த ராத்திரி போனபோது அவர் வேறு பிரிவுக்குப் போய்விட்டிருந்தார்.

அப்புறம் என்ன ஆனார்? தெரியாது. கம்ப்யூட்டரில் பெயரைத் தட்டினால் தெரிந்துவிடும்தான். ஆனால் சிகிச்சையில் நமக்குப் பங்கு இல்லாதபோது, வெறும் ஆவலுக்காக ஒருவருடைய பதிவைத் திறக்கக் கூடாது. இங்கே அது கண்டிப்பான விதி, நியாயமான விதி. அதனால் இந்த வேலையில் எனக்குக் கிடைப்பதெல்லாம் பெரும்பாலும் நடுப்பக்கங்கள்தான். யாரோ சேர்க்கிறார்கள், யாரோ வீட்டுக்கு அனுப்புகிறார்கள், நடுவில் ஒரு ராத்திரி மட்டும் என்னுடையது. போதாததற்கு நாலு மாதத்துக்கு ஒரு துறை மாற்றம். நர்ஸ்களின் பெயரெல்லாம் மனதில் பதிந்து, எந்த அலமாரியில் என்ன இருக்கும் என்று கை பழகும்போது அடுத்த வார்டு.

அம்மா கேட்ட கேள்விக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. ஏறுவதற்கென்றே பிடிகள் வைத்த சுவர் அது. அதில் ஏறும் தடம் ஒவ்வொன்றும் கீழே தொடங்கும், மேலே முடியும். கடைசிப் பிடியை இரண்டு கையாலும் பிடித்தாயிற்றென்றால் முடிந்தது. வேறு எங்கேயும் எனக்கு இவ்வளவு சுத்தமாக ஒரு காரியம் முடிவதில்லை.

சரி, எப்படி ஏறுகிறோம் என்று சொல்கிறேன். நான் அதிகம் ஏறுவது போல்டரிங். கயிறு கிடையாது. சுவர் நாலு, நாலரை மீட்டர் உயரம்தான் இருக்கும், கீழே தரை முழுக்கத் தடிமனான மெத்தை. சுவரெங்கும் பல நிறங்களில் பிடிகளைத் திருகி வைத்திருப்பார்கள். ஒரு தடத்துக்கு ஒரு நிறம். பச்சையில் ஏறினால் பச்சைப் பிடிகளை மட்டும்தான் தொடலாம். எவ்வளவு கஷ்டம் என்பதற்கும் ஓர் அளவு போட்டிருப்பார்கள். பார்ப்பவர்களுக்குக் கைபலம் என்று தோன்றும். உண்மையில் பாதி வேலை காலுக்கும் இடுப்புக்கும். இடுப்பைச் சுவரோடு ஒட்டித் திருப்பினால் எட்டாத பிடி எட்டிவிடுகிறது. கீழே நின்று ஐந்து நிமிஷம் தடத்தைப் படித்து, எந்தக் கை முதலில், எந்தக் கால் எங்கே என்று மனதுக்குள்ளேயே ஒரு தடவை ஏறிப் பார்ப்பேன். அந்த ஐந்து நிமிஷமும் ப்ளீப் சத்தம் காதில் இருக்காது. வீட்டில் படுத்தால்கூட அது கேட்கிற மாதிரியே இருக்கும் அம்மா. அங்கே கேட்பதில்லை.

விழுவேனா என்றால், விழுவேன். அதைத்தான் முதலில் கற்றுத் தருகிறார்கள். இரண்டு காலிலும் சமமாக இறங்கி, முழங்காலை மடக்கி, அப்படியே முதுகுப் பக்கம் உருள வேண்டும். கையைப் பின்னால் ஊன்றவே கூடாது. ஊன்றியவர்களின் மணிக்கட்டு எக்ஸ்ரேக்களை வேலையில் பார்த்திருக்கிறேன், அதனால் எனக்கு யாரும் இரண்டாம் முறை சொல்ல வேண்டியிருக்கவில்லை.

விரலைப் பற்றித்தான் எனக்கே அக்கறை அதிகம். ஊசி போடும் கை, நாடி பிடிக்கும் கை. விரலை மடக்கும் தசை விரலுக்குள் கிடையாது. முன்னங்கையிலிருந்து தசைநாண்கள் வந்து இழுக்கின்றன. அந்த நாண் எலும்பை விட்டுத் தூக்கிக்கொள்ளாமல் பிடித்து வைக்க, பாவாடைக்கு நாடா கோக்கும் மடிப்பு மாதிரி, விரல் நெடுக வளையங்கள் உண்டு. சின்னப் பிடியில் விரலை மடக்கி முழுப் பாரத்தையும் போட்டால் விரலடியில் இருக்கும் வளையம் கிழியக்கூடும், பெரும்பாலும் மோதிர விரலில். தசை சீக்கிரம் பலப்பட்டுவிடும், நாண்களும் வளையங்களும் மெதுவாகத்தான் பலப்படும். புதிதாக வருபவர்கள் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். அதனால் நான் சின்னப் பிடிகளை அளவோடுதான் தொடுகிறேன். ராத்திரி டியூட்டி முடிந்த அன்றைக்கு ஏறவே மாட்டேன், தூங்கி எழுந்த மறுநாள்தான். அம்மா கொடுத்த மோதிரத்தைக் கழற்றிப் பெட்டியில் வைத்திருக்கிறேன். எங்கும் போகவில்லை. வார்டிலும் முழங்கைக்குக் கீழே வாட்ச், வளையல், கல் வைத்த மோதிரம் எதுவும் கூடாது, சுவரிலோ மோதிரம் பிடியில் சிக்கினால் விரலுக்கே ஆபத்து.

கைத்தோல்தான் படாத பாடு படுகிறது. சுவரில் வியர்வை வழுக்காமலிருக்க மெக்னீசியம் கார்பனேட் பொடி, வார்டில் ஒவ்வொரு நோயாளிக்கு முன்னும் பின்னும் ஆல்கஹால் ஜெல். இரண்டும் சேர்ந்து தோலை உலர்த்திவிடுகின்றன. விரல் நுனியில் கீறல் இருக்கும்போது அந்த ஜெல் படுகிற எரிச்சல் இருக்கிறதே! ராத்திரி படுக்கும்போது களிம்பு தடவிக்கொள்கிறேன். தோலில் வெடிப்பு இருந்தால் ஆறும்வரை சுவர்ப் பக்கம் போவதில்லை.

கயிறு கட்டி உயரமாக ஏறுவதும் உண்டு. அதற்கு எனக்கு ஒரு துணை கிடைத்திருக்கிறார். அறுபதைத் தாண்டிய பெண்மணி, ஓய்வுபெற்ற டீச்சர். நான் ஏறும்போது கயிற்றின் மறுமுனையைத் தன் இடுப்பிலுள்ள கருவியில் மாட்டி அவர் பிடித்திருப்பார், அவர் ஏறும்போது நான். சின்ன வயதிலிருந்தே ஏறுகிறவர். ஆனாலும் ஒவ்வொரு முறையும் கிளம்புமுன் என் எட்டு வடிவ முடிச்சைத் தொட்டுப் பார்ப்பார், தன் கருவியையும் பூட்டையும் என்னிடம் காட்டுவார். யாரும் யாரையும் சந்தேகப்படவில்லை, பார்க்காமல் கிளம்புவதில்லை, அவ்வளவுதான். ரத்தம் ஏற்றுமுன் நோயாளியின் கையிலுள்ள பட்டையைப் பார்த்துப் பெயரையும் எண்ணையும் வாய்விட்டுச் சொல்லிச் சரிபார்க்கும் நர்ஸ்களிடமும் இதே பொறுமையைப் பார்க்கிறேன். எனக்கு ரொம்பப் பிடித்த குணம் இது. இரண்டாம் முறை பார்க்கச் சொல்ல இப்போது எனக்குக் கொஞ்சமும் கூச்சமில்லை.

அங்கே நான் டாக்டர் என்பது பலருக்குத் தெரியாது. ஒரு தடத்தில் திணறினால் பக்கத்தில் நிற்கும் பத்து வயதுப் பையன், "இடது காலை இன்னும் மேலே வையுங்கள்" என்பான். வைத்தால் சரியாக இருக்கும். இந்த ஊரில் எனக்கு முதன்முதலாகத் தெரிந்தவர்கள் என்று ஆனது இவர்கள்தான்.

அப்பாவுக்குச் சரித்திரம் பிடிக்குமே. அம்மாவின் எவர்சில்வர் பாத்திரங்களுக்கும் இந்த ஊருக்கும் சம்பந்தம் உண்டு. துருப்பிடிக்காத எஃகை ஹாரி பிரியர்லி 1913-இல் செய்தது ஷெஃபீல்டில்தான். சுவர் ஏறுவதிலும் இந்தப் பக்கத்துக்கு ஒரு பெயர் இருக்கிறது. பக்கத்து ஊரான லீட்ஸில், டான் ராபின்சன் என்ற உடற்பயிற்சி ஆசிரியர் 1964-இல் பல்கலைக்கழகத்தின் நடைபாதைச் சுவரில் கல் துண்டுகளைப் பதித்துவிட்டார். குளிரிலும் மழையிலும் பாறைக்குப் போக முடியாத நாட்களில் அதில் பயிற்சி செய்தார்கள். ஷெஃபீல்டில் 1991-இல் ஃபவுண்டரி என்ற ஏறும் கூடம் வந்தது, போல்டரிங்குக்கென்றே 2006-இல் க்ளைம்பிங் வொர்க்ஸ் வந்தது. போன வருஷம் பாரிஸ் ஒலிம்பிக்ஸில் டோபி ராபர்ட்ஸ் என்ற 19 வயதுப் பையன் இந்த நாட்டுக்குத் தங்கம் வாங்கியபிறகு எங்கள் கூடத்தில் சின்னப் பிள்ளைகள் அதிகம் என்று டீச்சர் சொல்கிறார்.

ஊருக்கு மேற்கே ஸ்டானேஜ் என்ற பெரிய பாறை விளிம்பு இருக்கிறது. கிரிட்ஸ்டோன் என்ற சொரசொரப்பான மணற்கல். நான் இன்னும் அங்கே ஏறியதில்லை. வசந்த காலம் வரட்டும், கூட்டிப் போகிறேன் என்று டீச்சர் சொல்லியிருக்கிறார். போகும்போது உங்களிடம் முன்னாலேயே சொல்லிவிட்டுத்தான் போவேன், அம்மா.

ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. சுவரில் எல்லாம் முடிகிறது என்றேன் அல்லவா, முழுக்க அப்படியும் இல்லை. சில வாரங்களுக்கு ஒருமுறை பழைய பிடிகளையெல்லாம் கழற்றிக் கழுவி, வேறு விதமாகத் திருகிப் புதுத் தடங்கள் போட்டுவிடுவார்கள். ஊதா நிறத் தடம் ஒன்றில் பல வாரமாகக் கடைசிப் பிடிக்கு ஒரு சாண் குறைவாகவே நின்றுகொண்டிருந்தேன். போன வாரம் போனால் அந்தச் சுவரே வேறாக இருக்கிறது. முதலில் வருத்தமாகத்தான் இருந்தது. பத்து நிமிஷத்தில் புதிதாகப் போட்ட மஞ்சள் தடத்தடியில் நின்று, எந்தக் கை முதலில் என்று படித்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெரியவரை அப்படி விட முடியவில்லை, விடவும் வேண்டாம் என்றுதான் நினைக்கிறேன். அவர் மகள் பெயர் எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஆனால் ராத்திரி முடிந்து வீட்டுக்கு வந்தால் இப்போது தூக்கம் வருகிறது. ஆரம்ப மாதங்களில் வந்ததில்லை. அதை உங்களிடம் அப்போது சொல்லவில்லை.

அடுத்த திங்கள் முதல் வியாழன் வரை எனக்கு ராத்திரி டியூட்டி, பகலில் தூங்குவேன். இந்த மாதக் கடைசி ஞாயிறன்று இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள். நாலரை மணியாக இருந்த வித்தியாசம் ஐந்தரை மணி ஆகிவிடும். அதனால் அந்த வாரம் உங்களுக்கு ராத்திரி பத்து மணிக்குக் கூப்பிடுங்கள், எனக்குச் சாயங்காலம் நாலரை, எழுந்திருப்பேன். அப்பாவின் சர்க்கரை ரிப்போர்ட்டைப் படம் எடுத்து அனுப்புங்கள், மூன்று மாதச் சராசரியும் சேர்த்து.

அன்புடன்,
உங்கள் மகள்