மறைத்து உருட்டும் பகடையைக் காட்டுங்கள்

கணினி வியூக விளையாட்டுகளை வடிவமைக்கும் நண்பர்களுக்கு,

வணக்கம். உங்கள் விளையாட்டுகளை ஆடிப் பார்த்து எழுதுவது என் வேலை. உங்களிடம் ஒரே ஒரு கோரிக்கை. குறி படும் வாய்ப்பு 90 சதவீதம் என்று திரையில் காட்டினால் உள்ளேயும் 90ஆக இருக்கட்டும். இல்லையென்றால், இல்லை என்று சொல்லிவிடுங்கள்.

1942 மே மாதம் யமாட்டோ போர்க்கப்பலில் ஜப்பானியக் கடற்படை அதிகாரிகள், பசிபிக் கடலில் அமெரிக்கர் வசம் இருந்த மிட்வே தீவின் மீதான தாக்குதலை மேசைமேல் ஆடிப் பார்த்தார்கள். தீவிலிருந்து கிளம்பும் அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்களின் முறை வந்தது. நடுவர் பகடையை உருட்டினார். ஒன்பது குண்டுகள் இலக்கில் விழுந்தன. அகாகி, காகா என்ற இரு விமானந்தாங்கிக் கப்பல்களும் மூழ்கின. ஆட்டத்தை நடத்திய உகாகி குறுக்கிட்டு ஒன்பதை மூன்றாகக் குறைத்தார். அகாகி பிழைத்தது. மூழ்கிய காகாவும் அடுத்த கட்ட ஆட்டத்தில் மறுபடி மிதந்தது. ஜூனில் நடந்த நிஜப் போரில் அந்த இரண்டோடு இன்னும் இரண்டு விமானந்தாங்கிகளும் போயின.

ஆணவத்துக்குக் கிடைத்த அடி என்று இந்தக் கதையைச் சொல்வார்கள். நான் அப்படிப் பார்ப்பதில்லை. மிட்வே தீவிலிருந்து கிளம்பிய பி-17 விமானங்களின் குண்டு ஒன்றுகூட அன்று எந்த விமானந்தாங்கியின் மேலும் விழவில்லை. வேலையை முடித்தவை அமெரிக்கக் கப்பல்களிலிருந்து வந்த டைவ் பாம்பர்கள், அதாவது செங்குத்தாகப் பாய்ந்து குண்டு போடும் விமானங்கள். தீவிலிருந்து கிளம்பும் விமானங்களுக்கு ஒன்பது அதிகம் என்று உகாகி நினைத்திருந்தால் அதில் நியாயம் உண்டு. எனக்கு முக்கியமாகப் படுவது, அவர் எண்ணை மாற்றியதை அறையில் இருந்தவர்கள் கண்ணால் பார்த்தார்கள் என்பதுதான். அதனால்தான் எண்பது வருடம் கழித்தும் அது சரியா தப்பா என்று வாதாட முடிகிறது.

அட்டைப் பெட்டிப் போர் விளையாட்டுகளில் இந்த வெளிப்படைத்தன்மை ஆரம்பத்திலிருந்தே இருந்தது. 1824இல் பிரஷ்ய அதிகாரி ரைஸ்விட்ஸ் அச்சிட்ட விதிகளிலேயே பகடையும் சேதக் கணக்கும் உண்டு. 1950களில் சார்ல்ஸ் ராபர்ட்ஸ் அமெரிக்காவில் விற்ற பெட்டிகளிலும் அப்படித்தான். 3க்கு 1 பலத்தில் தாக்கினால் பகடையின் எந்த எண்ணுக்கு என்ன நடக்கும் என்பது பெட்டிக்குள் வரும் அட்டவணைத் தாளில் இருக்கும். ஒத்துக்கொள்ள முடியவில்லையா, பேனாவால் அடித்துத் திருத்திக்கொள்ளலாம்.

உங்கள் பகடை எங்கள் கண்ணில் படுவதே இல்லை. ஃபயர் எம்ப்ளம் விளையாட்டு வரிசையில் 2002இல் வந்த பாகம் தொடங்கிப் பல பாகங்களில், இரண்டு எண்களை உருட்டிச் சராசரி எடுக்கிறார்கள்; அது திரையில் காட்டும் எண்ணுக்குக் கீழே இருந்தால் குறி படும். திரையில் 90 என்றால் உள்ளே 98. திரையில் 10 என்றால் உள்ளே சுமார் 2. எக்ஸ்காம் 2 விளையாட்டின் எளிய நிலைகளில், குறி தப்பினால் அடுத்த குறிக்குச் சத்தமில்லாமல் வாய்ப்பைக் கூட்டிக் கொடுக்கிறார்கள். 3க்கு 1இல் தோற்றால் ஆட்டக்காரர்கள் கோபப்படுகிறார்கள், 1க்கு 3இல் ஜெயித்தால் மட்டும் பேசாமல் இருக்கிறார்கள், அதனால் கணக்கை அவர்கள் மனதுக்கேற்ப மாற்றினோம் என்று சிவிலைசேஷன் விளையாட்டை உருவாக்கிய சிட் மெய்யரே 2010இல் மேடையில் விளக்கினார்.

உங்கள் சங்கடம் புரிகிறது. புதிதாக வருபவர் முதல் மணி நேரத்திலேயே மனம் விட்டுப் போய்விடக் கூடாது. சரி, உதவுங்கள். ஆனால் நூறு மணி நேரம் இப்படி ஆடும் ஒரு பதினைந்து வயதுப் பிள்ளை, 90 என்றால் நிச்சயம் என்று மனதில் பதித்துக்கொள்கிறது. பத்தில் ஒன்று தப்பும் என்பதை, அந்த ஒன்றுக்கும் சேர்த்துத் திட்டம் போட வேண்டும் என்பதை, கைப்பழக்கமாகச் சொல்லித்தர இந்த விளையாட்டுகளைவிட நல்ல இடம் எனக்குத் தெரிந்து இல்லை. அந்த இடத்தில்தான் எண்ணை மாற்றுகிறீர்கள்.

எனக்கும் இதில் ஒரு காயம் உண்டு. ஒரு விளையாட்டில் கணினி எதிரியின் பொருளாதாரத் திட்டமிடலை வியந்து ஒரு முழுப் பத்தி எழுதினேன். அப்புறம் கோப்புகளைத் திறந்து பார்த்தால், கடின நிலையில் அதற்கு வருமானம் இனாமாகக் கூட்டப்பட்டிருந்தது. என்னை நம்பி அதை வாங்கியவர்களுக்கு நான் பொய் சொன்னதாகவே இன்றும் உறுத்துகிறது.

ஆட்டம் முடிந்ததும் ஒரு பக்கம் காட்டுங்கள். எந்த உருட்டலில் என்ன எண் விழுந்தது, எங்கே கை கொடுத்தீர்கள், எதிரிக்கு எவ்வளவு சேர்த்துக் கொடுத்தீர்கள் என்பது அதில் இருக்கட்டும். வேண்டாதவர்கள் தாண்டிப் போகட்டும். விமர்சனத்துக்கு அடுத்த பிரதியை அனுப்பும்போது அந்தக் கணக்கையும் சேர்த்து அனுப்புங்கள். பெட்டிக்குள் மடித்து வைத்த அந்தப் பழைய தாள் அளவுக்கு இருந்தாலே போதும்.

அன்புடன்,
உங்கள் விளையாட்டுகளை விடாமல் ஆடும் ஒரு விமர்சகர்