பால்கனியில் ஒரு நீல பாட்டில்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கும்பகோணத்தில் அரசு உதவி பெறும் மேல்நிலைப் பள்ளி ஒன்றில் 31 வருடம் வேதியியல் ஆய்வக உதவியாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். கோடை விடுமுறையில் சென்னையில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போயிருந்தேன். ஏழாம் வகுப்பு முடித்த பேரன் செல்போனும் கையுமாகவே கிடந்தான். ஒரு நாள் அவனை இழுத்துக்கொண்டு போய் நாட்டு மருந்துக் கடையில் கால் கிலோ மயில்துத்தம், அதாவது காப்பர் சல்பேட், வாங்கி வந்தேன். படிகம் வளர்ப்பது எப்படி என்று காட்டத்தான்.

வெந்நீரில் துத்தத்தைப் போட்டு, இதற்கு மேல் கரையாது என்று அடியில் தங்கும்வரை கலக்கினோம். பழைய வேட்டித் துணியில் வடிகட்டி, காலியான காம்ப்ளான் பாட்டிலில் ஊற்றினோம். அதில் ஒரு ஸ்பூன் எடுத்துச் சாஸரில் விட்டு வைத்தால் மறுநாள் கடுகளவில் பத்திருபது படிகம் கிடைக்கும். அதில் ஓரம் உடையாத ஒன்றைப் பொறுக்கி, கட்டித் தொங்கவிட வேண்டும். நூலில் கட்டினால் நூல் முழுக்கக் குட்டி குட்டியாய் முளைத்துவிடும். தலைமுடியில் கட்டினால் அந்த வம்பு இல்லை. மருமகளிடம் ஒரு முடி கேட்டு வாங்கினோம். ஐந்தாம் நாள் மொச்சைக்கொட்டை அளவுக்கு, ஒரு பக்கம் சாய்த்து வைத்த பெட்டி மாதிரி, பளீரென்ற நீலத்தில் வளர்ந்திருந்தது. பையன் காலையில் பல் தேய்க்காமல் ஓடிப்போய் அதைத்தான் பார்ப்பான்.

ஆறாம் நாள் குடியிருப்புச் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது, எங்கள் வீட்டு பால்கனியில் 'கெமிக்கல்' இருக்கிறது, உடனே அப்புறப்படுத்தவும் என்று. பின்னாலேயே செக்யூரிட்டியும் மாடி ஏறி வந்தார். மகனுக்குத் தர்மசங்கடம். நானே பாட்டிலை உள்ளே எடுத்து வைத்துவிட்டேன்.

துத்தம் விஷம்தான், மறுக்கவில்லை. வயிற்றுக்குள் போனால் ஆபத்து. அதனால்தான் சமையல் பாத்திரம் எதையும் தொடவிடாமல், பாட்டில் மேல் 'விஷம்' என்று எழுதி ஒட்டி, கைக்கெட்டாத உயரத்தில் வைத்திருந்தேன். ஆனால் அந்தக் குடியிருப்பின் ஒவ்வொரு குளியலறையிலும் கழிப்பறை கழுவும் திரவம் ஒரு பாட்டில் நிற்கிறது. அதில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். அதைப் பற்றி யாரும் குழுவில் எழுதுவதில்லை.

எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது 1969 வாக்கில், பன்னிரண்டு வயதில். எங்கள் தெருவுக்கு ஈயம் பூசுகிறவர் வருவார். குழி தோண்டித் துருத்தி வைத்துப் பித்தளைப் பாத்திரத்தைச் சூடேற்றி, ஈயத்தைத் தொட்டு வைத்து, பஞ்சில் நவச்சாரத்தைத் (அம்மோனியம் குளோரைடு உப்பு) தோய்த்து ஒரு தேய்ப்புத் தேய்ப்பார். குப்பென்று வெள்ளைப் புகை கிளம்பும். புகை விலகினால் உள்பக்கம் முழுக்க வெள்ளி மாதிரி மின்னும். அவரிடம் கெஞ்சி ஒரு துண்டு நவச்சாரம் வாங்கினேன். அதைப் பொடித்து, பாட்டியின் வெற்றிலைச் சுண்ணாம்போடு மருந்துக் குப்பியில் போட்டுச் சிம்னி விளக்கில் காட்டினேன். அம்மோனியா வரும் என்று அப்போது எனக்கு எப்படித் தெரியும்? கண்ணிலும் மூக்கிலும் நீர் கொட்ட வீடே வாசலுக்கு ஓடி வந்தது. பாட்டி அடித்த அடி இன்னும் நினைவிருக்கிறது. அதே சாயங்காலம் அப்பா, அரிசி மில் கணக்குப்பிள்ளை, மாட்டுக்கொட்டகையில் ஒரு மூலையை ஒழித்துக் கொடுத்து, "இனிமே இங்க செய். நான் இருக்கறப்போ செய்" என்றார். மறுநாள் அவரும் நானுமாக அந்தக் குப்பியின் வாயில் ஈரமான செம்பருத்தி இதழைக் காட்டினோம். சிவப்பு இதழ் கண்ணெதிரே பச்சையாய் மாறிற்று. எனக்குப் பின்னாளில் கிடைத்த வேலைக்கு அந்த இதழ்தான் காரணம் என்பேன்.

எவர்சில்வர் வந்தது, ஈயம் பூசுகிறவர் போனார். கொட்டகை போய் பால்கனி வந்தது. இதெல்லாம் யார் குற்றமும் இல்லை.

சட்டம்தான் இந்தப் பொழுதுபோக்கைக் கொன்றது என்று என்னோடு வேலை பார்த்த சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. 2012-இல் எங்களுக்குப் பக்கத்திலே காரைக்காலில் ஒரு இளம்பெண்ணின் முகத்தில் அமிலம் வீசப்பட்டது. சில மாதத்தில் அவர் இறந்தே போனார். 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம், அமிலம் வாங்குகிறவரின் அடையாளத்தைப் பதிவேட்டில் எழுத வேண்டும், 18 வயதுக்கு உட்பட்டவருக்கு விற்கவே கூடாது என்றது. சரியான உத்தரவு. பன்னிரண்டு வயதுப் பையனுக்கு அடர் அமிலம் எதற்கு? துத்தம், படிகாரம், வெங்காரம், நவச்சாரம் எல்லாம் இன்றைக்கும் நாட்டு மருந்துக் கடையில் பொட்டலம் கட்டித் தருகிறார்கள். சாமானுக்குப் பஞ்சமில்லை. "நான் இருக்கறப்போ செய்" என்று சொல்ல வீட்டில் ஆள் இல்லை. இருக்கிற ஆளுக்கும் பயம்.

1856-இல் லண்டனில் வில்லியம் பெர்க்கின் என்ற 18 வயதுப் பையன், மலேரியாவுக்குக் கொய்னா செய்கிறேன் என்று வீட்டில் எதையோ கலக்கப்போய் ஊதாச் சாயத்தைக் கண்டுபிடித்தான். நம் நாட்டு வேதியியல் அறிஞர் பிரபுல்ல சந்திர ராய், கல்கத்தாவில் தான் குடியிருந்த வீட்டிலேயேதான் மருந்து தயாரிக்கத் தொடங்கினார். மாட்டு எலும்பை மொட்டை மாடியில் காயப்போட்டு, நாற்றம் தாங்காமல் அக்கம்பக்கத்தார் சண்டைக்கு வந்தார்களாம். அதுதான் பிறகு பெங்கால் கெமிக்கல்ஸ் ஆயிற்று. நல்லவேளை, அந்தத் தெருவுக்கு வாட்ஸ்அப் குழு இல்லை.

பள்ளியில் செய்கிறார்களே என்று கேட்கலாம். பிளஸ் டூ செய்முறைத் தேர்வில், என்ன உப்பு என்று சோதித்துச் சொல்லக் கொடுக்கும் சால்ட்டைக் கையில் வாங்கியதும், "நீலமா இருந்தா காப்பர்டா" என்று கிசுகிசுத்துவிட்டு, மனப்பாடம் செய்த அட்டவணையை எழுதிக் கொடுத்துப் போன பிள்ளைகளை எத்தனையோ வருடம் பார்த்துவிட்டேன். டெஸ்ட் டியூபைச் சூடாக்கியிருக்கவே மாட்டார்கள். குறை சொல்லவில்லை. அதற்கு முன் அவர்கள் எதையும் கலக்கிப் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

பள்ளிக் கல்வித் துறைக்கு இதன் மூலம் ஒன்று கேட்கிறேன். மேல்நிலைப் பள்ளி ஆய்வகங்கள் சனிக்கிழமைகளில் பூட்டியே கிடக்கின்றன. மாதம் ஒரு சனிக்கிழமை, இரண்டு மணி நேரம், ஆறாம் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் திறந்து விடுங்கள். அமில அலமாரி பூட்டியே இருக்கட்டும். படிகாரம், மஞ்சள், சுண்ணாம்பு, எலுமிச்சம்பழம் போதும். மேற்பார்வைக்கு என்னைப் போல ஓய்வு பெற்றவர்கள் ஊருக்கு நாலு பேர் இருப்போம். பஸ் காசுகூட வேண்டாம்.

அந்த பாட்டிலைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் கும்பகோணம் வந்தேன். வழியில் குலுக்கலில் முடி அறுந்து, படிகம் கீழே விழுந்து ஒரு மூலை உடைந்துவிட்டது. கரைசலை மறுபடி வடிகட்டிப் புது முடியில் கட்டியிருக்கிறேன். உடைந்த மூலை தானாக நிரம்பி வருகிறது. பேரனிடம் இன்னும் சொல்லவில்லை. அடுத்த லீவுக்கு வந்து அவனே பார்க்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆய்வக உதவியாளர்,
கும்பகோணம்.