காரீயம் இருந்தால் மட்டும் போதுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

கடந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் பத்திரிகையில் காரீயம், அதாவது பென்சிலுக்குள் இருக்கிற கிராபைட், பற்றி வந்த கட்டுரையை வாசித்தேன். உலகத்திலேயே சுத்தமான காரீயம் எங்கள் இலங்கையில்தான் கிடக்கிறது, பற்றரிக்குக் காரீயம் தேவைப்படுகிற மின்சாரக் கார்க் காலம் வந்துவிட்டது, இனி நாட்டின் கடனெல்லாம் தீர்ந்துவிடும் என்கிற மாதிரி எழுதியிருந்தீர்கள். முதல் பாதி சரி. பிந்தின பாதியோடுதான் எனக்குச் சண்டை.

நான் யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் இருபது வருடமாகப் பற்றரிக் கடை வைத்திருக்கிறவன். அதற்கு முன்னால், 90களில், போரால் சாமான்களுக்குத் தடை இருந்த காலத்தில் ரோர்ச் பற்றரி கூட இங்கே வராது என்பது என் வயதுக்காரருக்கு மறந்திருக்காது. செத்துப்போன பற்றரியை வெயிலில் காயவைத்து இரண்டு நாள் இழுப்போம், அதுவும் சரிவராவிட்டால் சைக்கிள் டைனமோவை மிதித்து றேடியோ கேட்போம். கடைசியில் பற்றரியைப் பிய்த்து நடுவிலிருக்கும் கரிக்குச்சியை எடுத்து மதிலில் கோடு கீறுவதுதான் சின்னப்பிள்ளைகளின் வேலை. அந்தக் குச்சிக்கும் காரீயத்துக்கும் சொந்தம் உண்டு என்று பிறகுதான் தெரிந்தது.

பெயரைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். காரீயம் என்று நாங்கள் சொல்கிறோமே தவிர அதற்குள் ஈயம் ஒரு துளி கூட இல்லை, முழுக்கக் கரி. வெள்ளைக்காரனும் இதே பிழையை விட்டவன்தான், ஈயத்தின் பெயரை வைத்துத்தான் பிளம்பேகோ என்றான், 1779இல் ஷீலே என்ற சுவீடன் இரசாயனவியலாளர் இது கரி என்று காட்டினபிறகுதான் கிராபைட் என்ற பெயரே வந்தது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உலகத்தில் ஒரு வருடத்துக்குத் தோண்டியெடுக்கும் இயற்கைக் காரீயம் ஏறத்தாழ 16 லட்சம் தொன். அதில் 12 லட்சத்துக்கு மேல் சீனாவில் தோண்டுவது. வடகிழக்கே ஹெய்லோங்ஜியாங், கிழக்கே ஷாண்டோங், வடக்கே உள்மொங்கோலியா என்று அங்கே சுரங்கங்கள். எங்கள் சுரங்கங்களான கேகாலைப் பக்கத்துப் போகலவும் குருநாகல் கஹட்டகஹவும் சேர்ந்து தருவது சில ஆயிரம் தொன். சீனாவுடையது செதில் காரீயம், கல்லை உடைத்து அரைத்துப் பிரிக்கவேண்டும். எங்களுடையது பாறை வெடிப்புக்குள் நரம்பு மாதிரி ஓடுகிற கட்டிக் காரீயம், தோண்டும்போதே நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் கரி. வியாபார அளவில் இந்தச் சாதியை எடுக்கிற நாடு இலங்கை மட்டும்தான். பெருமைப்படலாம். ஆனால் சீனாவின் பிடி மண்ணுக்குக் கீழே மட்டும் இல்லை என்பதைத்தான் உங்கள் கட்டுரை விட்டுவிட்டது.

பற்றரிக்குள் போகிற காரீயம் சுரங்கத்தில் இருந்து நேரே போவதில்லை. செதிலை அரைத்து, உருட்டி, கண்ணுக்குத் தெரியாத உருண்டைகளாக ஆக்கவேண்டும், அதிலேயே பாதிக்கு மேல் தூளாகக் கழிந்துவிடும். பிறகு அமிலத்தில் கழுவி நூற்றுக்கு 99.95 சுத்தத்துக்குக் கொண்டுவரவேண்டும், அந்த அமிலம் கண்ணாடியையே அரிக்கிறது. இந்த உருட்டுகிற, கழுவுகிற வேலையில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் சீனாவிலேயே நடக்கிறது. இயற்கைக் காரீயம் வேண்டாம் என்று பெற்றோலியக் கரியை 3,000 பாகைக்குக் கிட்டச் சூடாக்கிச் செயற்கையாகச் செய்யப் போனாலும் அங்கேயும் முன்னுக்கு நிற்பது அவர்கள்தான், மலிவு மின்சாரம் இருக்கிறது. மொசாம்பிக்கில் பாலமா என்று எவ்வளவு பெரிய சுரங்கம் இருக்கிறது, அவுஸ்திரேலியக் கொம்பனி ஒன்று நடத்துகிறது, அதுவே சீனாவில் விலை விழுந்த நேரமெல்லாம் நிறுத்தி நிறுத்தித்தான் ஓடியது.

ஒரு மின்சாரக் காருக்கு 50 கிலோவுக்கு மேல் காரீயம் போகும், லித்தியத்தை விடப் பலமடங்கு. அதனால்தான் 2023 டிசம்பர் 1 முதல் உரிமம் இல்லாமல் குறிப்பிட்ட காரீய வகைகளை வெளியே அனுப்பமுடியாது என்று சீனா அறிவித்தவுடன் தென்கொரியாக்காரர் ஓடி ஓடி வாங்கிச் சேர்த்தார்கள். இந்தத் தொழிலுக்குச் சீனா கொடுத்த விலையும் உண்டு, காரீய ஆலைகளுக்குக் கிட்ட இருக்கிற கிராமங்களில் யன்னல், உடுப்பு, பயிர் எல்லாவற்றிலும் மினுங்குகிற தூசு படிந்து கிடந்ததாகச் செய்திகள் வந்தன. அந்தத் தூசு எங்களுக்கும் வேண்டுமா என்று கேட்டால் என்னிடம் உடனே பதில் இல்லை.

இன்னொன்று, நாங்கள் இந்த ஆட்டத்தை ஏற்கனவே ஒருமுறை ஆடித் தோற்றவர்கள். முதலாம் உலகப்போர் நேரம் இலங்கையில் இருந்து வருடத்துக்கு 30,000 தொன்னுக்கு மேல் காரீயம் கப்பலேறியது. முதல் பிரதமர் டி. எஸ். சேனநாயக்க குடும்பத்தின் பணத்தில் ஒரு பங்கு அந்தச் சுரங்கங்களில் இருந்து வந்ததுதான். அப்போது அதன் பெரிய பாவனை உலோகம் உருக்குகிற மூசை. மூசை செய்தது யார்? லண்டனில் மோர்கன் கொம்பனி, அமெரிக்காவில் டிக்சன் கொம்பனி. நாங்கள் கட்டியை விற்றோம், அவர்கள் மூசையை விற்றார்கள், போர் முடிந்து மடகஸ்கார் செதில் மலிவாக வந்ததும் அங்கே திரும்பிவிட்டார்கள். எங்கள் சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன.

பனங்கிழங்கைப் பச்சையாக வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டு அதைக் காயவைத்து அரைத்த ஒடியல் மாவைக் காசு கொடுத்து வாங்கிக் கூழ் காய்ச்சுகிறவனை எங்கள் ஊரில் என்ன சொல்லுவோம்? புல்மோட்டைக் கனிம மணலிலும் இதே கதைதான் நடக்கிறது.

அதற்காக ஒன்றும் செய்யமுடியாது என்று நான் சொல்லவில்லை. தொன் கணக்கில் சீனாவோடு மல்லுக்கட்ட நினைப்பதுதான் விசர். கிராபீன் என்கிற, காரீயத்திலிருந்து எடுக்கிற மிக மெல்லிய கரித்தாள், மோட்டருக்குள் போகிற கார்பன் பிரஷ், உயர்ந்த ரக மசகு மாதிரியான, கொஞ்சமாகச் செய்து கூடின விலைக்கு விற்கிற சாமான்களுக்கு எங்கள் கட்டிக் காரீயம் பொருந்தும், ஹோமாகமவில் இருக்கிற நனோ தொழில்நுட்ப நிறுவனம் கிராபீனில் கை வைத்தும் இருக்கிறது. அதைப் பற்றி எழுதுங்கள், கடன் தீருகிற கதையை விடுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றிலும் காற்றாலையும் சூரிய மின்சாரமும் பற்றரியும் சேர்ந்த திட்டம் 2021இல் சீனக் கொம்பனிக்குப் போனது, இந்தியா எதிர்த்தது, சீனாக்காரர் விலகினார்கள், பிறகு இந்தியா 110 லட்சம் டொலர் நன்கொடை தருகிறேன் என்று எடுத்துக்கொண்டது. அந்த இழுபறியை எல்லாப் பத்திரிகையும் பக்கம் பக்கமாக எழுதின. அந்தப் பற்றரிப் பெட்டிகள் குறிகட்டுவான் துறையில் படகுக்கு ஏறுகிற அன்றைக்கு உங்கள் நிருபர் ஒருவரை அனுப்பி, உள்ளே இருக்கிற செல் எந்த நாட்டில் செய்தது என்று பார்த்து ஒரு வரி போடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பற்றரிக் கடைக்காரர் ஒருவர்,
சுன்னாகம்.