பாவாவுக்கு முன்னாடியே கண்டி மலையில ஒரு வீடு

ஆசிரியர் அவர்களுக்கு,

இலங்கைக் கட்டடக்கலைன்னு யாரு எழுத ஆரம்பிச்சாலும் ஜெஃப்ரி பாவா, அவரோட லுனுகங்க தோட்டம், அவர் கட்டின கந்தலாம ஹோட்டல், அதோட கதை முடிஞ்சுது. நம்ம பத்திரிகையும் அப்படித்தான், கோவிச்சுக்காதீங்க. பாவா பெரிய ஆள்தான், அதை யாரு இல்லைன்னா, ஆனா அவர் ஆர்கிடெக்ட்டா ஆகுறதுக்கு முன்னாடியே கண்டியில ஒரு பொம்பள மலைச்சரிவுல கட்டின கருணாரத்ன வீட்டைப் பத்தி தமிழ்ல எழுதுறவங்களைக் காணோம்.

மினெட் டி சில்வா, நம்ம கண்டிக்காரங்க, 1918ல பிறந்தவங்க. பம்பாய்ல படிக்கிறப்ப 1942ல காந்தியை விடுதலை பண்ணச் சொல்லி நடந்த ஊர்வலத்துக்குப் போனாங்கன்னு காலேஜ்ல இருந்து அனுப்பிட்டாங்க, அப்புறம் லண்டன்ல போய் படிச்சு முடிச்சு 1948ல பிரிட்டனோட ராயல் ஆர்கிடெக்ட் சங்கத்துல சேர்ந்தாங்க, ஆசியப் பெண்கள்ல அவங்கதான் முதல் ஆள். ஊருக்குத் திரும்பி முதல்ல கட்டினதே இந்த வீடுதான், 1949ல தொடங்கி 1951ல முடிஞ்சுது.

இப்ப கண்டியில வீடு கட்டுறவங்க என்ன செய்றாங்க? காணியை வாங்கின கையோட பெக்கோவைக் கொண்டுவந்து மலையை வெட்டி பிளேகிரவுண்டு மாதிரி சமமாக்குறாங்க, பின்பக்கம் 20 அடிக்கு மண்ணு செங்குத்தா நிக்கும், அதுக்கு ஒரு கொங்கிரீட் மதில், அந்த மதில்ல தண்ணி வெளிய போக ஓட்டை கூட சரியா வைக்கிறதில்ல, மழை விடாம பெஞ்சா மண்ணு ஊறி கனத்து மதிலையே தள்ளிக்கிட்டு வீட்டுக்குள்ள வந்துடும், அதுக்கப்புறம் மண்சரிவுன்னு மழையைத் திட்டுவோம். மினெட் அம்மா வீட்டை ஒரே தட்டா போடல. சரிவு இறங்குற மாதிரியே வீட்டையும் அரை மாடி அரை மாடியா இறக்கிட்டாங்க. வெட்டுற மண்ணும் குறைவு, தாங்கிப் பிடிக்க வேண்டிய சுவரும் குறைவு.

இன்னொண்ணு, மாடர்ன்னு சொல்லி வெள்ளைக்காரன் டிசைனை அப்படியே கொண்டுவந்து இறக்கல. கொங்கிரீட்டும் கண்ணாடிக் கல்லும் இருக்கு, கூடவே கதவுல கண்டிப் பக்கத்து தும்பறை நெசவு, மாடிப்படி கைப்பிடியில லாக்கு (அரக்கு) வேலை, ஹால் சுவர்ல நம்ம நாட்டு ஓவியர் ஜோர்ஜ் கீட் வரைஞ்ச ஓவியம். ஊர்க் கைவினைக்காரங்களுக்கும் வேலை குடுத்திருக்காங்க பாருங்க, எனக்கு அதுதான் ரொம்பப் பிடிச்சது.

மினெட் அம்மா 1998ல காலமாயிட்டாங்க. கட்டினதுல பலது இடிஞ்சும் மாத்திக் கட்டியும் அடையாளமே இல்லாம போச்சு. இந்த வீட்டையாவது அரசாங்கம் பாதுகாக்கணும், கட்டடக்கலை படிக்கிற பிள்ளைகளையும் நம்ம மேசன் பாஸ்மாரையும் ஒருதரம் கூட்டிட்டுப் போய் காட்டணும். நீங்களும் ஞாயிறு இதழ்ல ஒரு முழுப் பக்கம் ஒதுக்குங்க. படம் போடுறப்ப கீட் ஓவியத்தை மட்டும் போட்டு முடிச்சுடாம, வீடு சரிவுல எப்படி உக்காந்திருக்குன்னு தெரியிற மாதிரி பக்கவாட்டுல எடுத்த படமா போடுங்க.

இப்படிக்கு,
கண்டி வாசகர் ஒருவர்