மச்சம் இல்லாத போட்டோ

அன்புள்ள மாப்ளே,

உன் மெயில் வந்தது. முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. இங்கே ஐப்பசி பிறந்தும் மழை சரியாகப் பிடிக்கவில்லை. ஆற்றில் தண்ணீர் ஓடுகிறது, அதுவரை சந்தோஷம். சின்னவளுக்கு ஒரு வரன் கூடி வருகிறது.

அதில்தான் ஒரு கூத்து. மாப்பிள்ளை வீட்டில் போட்டோ கேட்டார்கள். இவள் போனில் எடுத்ததைக் காட்டினாள். மூக்கோரத்து மச்சத்தைக் காணோம், கன்னம் பீங்கான் மாதிரி இருக்கிறது. "ஃபில்டர் எதுவும் போடலப்பா, சும்மா எடுத்தது" என்றாள். சொன்னது நிஜம்தான். முகத்தை மழமழப்பாக்கும் வசதி அந்த போனில் வாங்கும்போதே ஆன் ஆகியிருக்கிறது. சரி என்று என் பழைய கேமராவில், ஜன்னல் வெளிச்சத்தில் ஒன்று எடுத்தேன். பார்த்துவிட்டு, "இது நான் மாதிரியே இல்லையே" என்கிறாள்!

ஸ்டுடியோவில் நீ டச்சிங் பண்ணவில்லையா என்று கேட்பாய். பண்ணினேன். தழும்பு நெகட்டிவில் வெளிறித் தெரியும். கூர்சீவின பென்சிலால் அந்த இடத்தை மட்டும் நிரப்பினால் பிரிண்டில் மறைந்துவிடும். ஆனால் கேட்டுச் செய்தது அது. "அம்மைத் தழும்பு வேண்டாம் சார், மச்சம் மட்டும் இருக்கட்டும், அடையாளத்துக்கு ஆகும்" என்று கவுண்டரில் நின்று பேரம் பேசுவார்கள். எது நிஜம், எது என் பென்சில் என்று அவர்களுக்குத் தெரியும். இப்போது யாரிடம் போய்ப் பேரம் பேச? இந்தக் கால போனில் கேமராவைத் திறந்த உடனேயே உள்ளே படங்கள் ஓட ஆரம்பித்துவிடுகின்றன. பட்டனைத் தொட்டதும், தொடுவதற்கு முன்னால் பிடித்ததையும் சேர்த்துப் பல படங்களை ஒன்றாக்கி, இருட்டைத் தூக்கி, வானத்தை அடக்கி, ஒரே படமாகக் கொடுக்கிறது. அப்படி ஒரு கணம் நம் கண் முன்னால் நடந்ததே இல்லை.

2020 செப்டம்பர் 9-ஆம் தேதி நினைவிருக்கிறதா? நீ மகன் வீட்டில் இருந்தாய். காட்டுத்தீப் புகை மேலே போய் மூடி, சான் பிரான்சிஸ்கோ பக்கமெல்லாம் பட்டப்பகலில் வானம் ஆரஞ்சாகிவிட்டது. "உலகம் முடியுதுடா" என்று எழுதி ஒரு படம் அனுப்பினாய். படத்தில் ஏதோ மார்கழிப் பனி போலச் சாம்பல் நிறம். எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகுதான் டிவியில் பார்த்து ஆடிப்போனேன். அந்த ஆரஞ்சு, விளக்கு வெளிச்சத்தால் வந்த கோளாறு என்று நினைத்துப் போன் அதைக் கழுவித் தள்ளியிருக்கிறது. அன்றைக்கு நிறையப் பேருக்கு இதே கதைதான். கண்டிராத ஒன்றைக் கண்டால், கண்ட ஒன்றாக மாற்றிக் காட்டுவதுதான் அதன் புத்தி.

ஃபிலிம் மட்டும் யோக்கியமா என்றால், இல்லை. கோடாக் கம்பெனி கலர் சரிபார்க்க லேப்களுக்குக் கொடுத்த அட்டையில் பல காலம் வெள்ளைக்காரப் பெண் ஒருத்தியின் படம்தான். அவள் தோலுக்குப் பொருந்தினால் கலர் சரி. சாக்லேட் கம்பெனிக்காரர்களும் மரச்சாமான் விற்பவர்களும் தங்கள் சரக்கின் பழுப்பு சரியாக விழவில்லை என்று புகார் சொன்ன பிறகுதான் அதில் அக்கறை வந்ததாக அங்கே வேலை பார்த்தவர்களே சொல்லியிருக்கிறார்கள். கருத்த மனிதர்கள் கேட்டு நடக்காதது, கருத்த சாக்லேட் கேட்டு நடந்தது! நம்மூரில் ஆளுக்கு ஆள் பவுடர் பூசி, லைட்டை இன்னும் கிட்டே இழுத்து ஒப்பேற்றினோம்.

ஆனாலும் ஸ்டுடியோ படம் வருஷத்துக்கு ஒன்றோ இரண்டோ. மற்ற நாளெல்லாம் கண்ணாடிதான் முகம் காட்டியது. இவள் தன் முகத்தைக் கண்ணாடியைவிட போனில்தான் அதிகம் பார்க்கிறாள். அதனால்தான் ஜன்னலோரத்தில் எடுத்தது அவளுக்கு வேறு யாரோவாகத் தெரிகிறது. போட்டோகிராஃபரின் மகளுக்கே இந்தக் கதி.

கடைசியில் இரண்டு படத்தையுமே அனுப்பச் சொன்னேன். அவள் அம்மா என்னை முறைத்தாள். பையன் வீட்டில் மச்சம் இருக்கிற படத்தைப் பார்த்துத்தான் வருகிறோம் என்றார்களாம். அதை வைத்து வீட்டில் நான் போடுகிற ஆட்டம் தாங்கவில்லை என்று புகார்.

தை மாதம் வருவதாக எழுதியிருக்கிறாய். டிக்கெட் போட்டதும் தேதியைச் சொல். உன் வீடு பூட்டியே கிடக்கிறது, மோட்டார் ஓடுகிறதா என்று ஆள் விட்டுப் பார்க்க வேண்டும். வரும்போது பேத்தி படம் கொண்டு வா. போனில் வேண்டாம், பிரிண்ட் போட்டு.

அன்புடன்,
உன் ஸ்டுடியோக்காரன்