பையில் இடம் இருக்கிறதா?

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

நேற்று போனில் "நான் செய்தது தப்பா அம்மா?" என்று கேட்டாய். "தூங்கு, காலையில் பேசலாம்" என்று சொல்லி வைத்துவிட்டேன். அப்புறம் எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

அடிபட்டவரை ஆம்புலன்ஸ்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நீ உன் வேலைப்படி கேமராவில் படம் எடுத்தாய். யாரோ ஒருவர் "உனக்கெல்லாம் மனசாட்சி இருக்கா?" என்று கத்தினார். இவ்வளவுதானே?

அவசரப் பிரிவில் நர்ஸாக இருந்தவள் சொல்கிறேன், கேள். இதயம் நின்றுபோன நோயாளியைச் சுற்றி நிற்கிற எல்லோரும் கை வைக்க மாட்டோம். ஒருத்தி ஓரமாக நின்று எழுதிக்கொண்டே இருப்பாள்: எத்தனை மணிக்கு ஊசி, எத்தனை மணிக்கு ஷாக். அட்ரினலின் ஊசியை 3 முதல் 5 நிமிடத்துக்கு ஒரு முறை போட வேண்டும். அவள் எழுதாவிட்டால் அடுத்தது எப்போது என்று அந்தக் களேபரத்தில் ஒருவருக்கும் நினைவிருக்காது. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அவள் சும்மா நிற்கிற மாதிரிதான் தெரியும். அதற்காக நானே ஏச்சு வாங்கியிருக்கிறேன். ஆனால் அறையில் நான் ஒருத்திதான் என்றால் பேனாவையா தேடுவேன்? கை நேரே நெஞ்சுக்குத்தான் போகும்.

1985-இல் கொலம்பியாவில் எரிமலைச் சேற்றில் சிக்கிய ஓமைராவின் படத்தை ராத்திரி மறுபடி பார்த்தேன். 13 வயது. தண்ணீரில் ஊறி வெளுத்துப்போய், கட்டையைப் பற்றியிருக்கிற அந்தக் கை! முகத்தைவிட அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை. கால்கள் இடிபாட்டில் மாட்டியிருந்தன. தண்ணீரை இறைக்கச் சரியான பம்ப் வந்து சேரவில்லை. மூன்று நாள் தாங்கினாள். படம் எடுத்த ஃபிராங்க் ஃபூர்னியேவிடம் "ஏன் காப்பாற்றவில்லை?" என்று கேட்டார்கள். பக்கத்திலேயே இருந்த மீட்பவர்களாலேயே முடியாதது அவரால் முடியுமா? கேள்வி பம்பை அனுப்பாதவர்களிடம் போயிருக்க வேண்டும். அந்தப் படம் இல்லையென்றால் அப்படி ஒரு கேள்வியே எழுந்திருக்காது.

1993-இல் சூடானில் கெவின் கார்ட்டர் எடுத்த படம் வேறு. சுருண்டு கிடக்கும் குழந்தை, பின்னால் கழுகு. படம் எடுத்ததை நான் குறை சொல்லவில்லை. கழுகு இறக்கை விரிக்குமா என்று 20 நிமிடம் காத்திருந்ததாகச் சொல்கிறார்களே, அதுதான் எனக்கு ஆறவில்லை. பிறகு அதை விரட்டினாராம், சரி. தொற்று பயத்தால் தொடக்கூடாது என்று சொல்லியிருந்தார்களாம், அதுவும் சரி. ஆனாலும் 20 நிமிடம் ரொம்ப அதிகம், கண்ணு.

2017-இல் சிரியாவில் பேருந்துகளுக்குப் பக்கத்தில் குண்டு வெடித்தபோது அப்த் அல்காதர் ஹபக் கேமராவோடு அங்கே இருந்தார். ஒரு பையனுக்கு மூச்சு இருப்பதைப் பார்த்ததும் அள்ளிக்கொண்டு ஆம்புலன்ஸுக்கு ஓடினார். அவர் ஓடுவதை இன்னொருவர் படம் எடுத்தார். அப்படிப் படம் எடுத்தவர் மேலும் எனக்குக் கோபம் இல்லை.

அதனால் நேற்று நீ செய்தது தப்பில்லை. என் கவலை வேறு: நாளைக்கு நீ மட்டும்தான் அங்கே இருக்கிறாய் என்றால், கேமராவைக் கீழே வைத்துவிட்டு என்ன செய்வாய்? ரத்தம் பீறிட்டால் எங்கே அழுத்துவது, எவ்வளவு நேரம் கையை எடுக்காமல் இருப்பது என்று உனக்குத் தெரியாது. தப்பு என்னுடையதுதான். வீட்டிலேயே ஒரு நர்ஸ் இருந்தும் உனக்குச் சொல்லித்தரவில்லை.

அடுத்த முறை வரும்போது இரண்டு நாள் சேர்த்து லீவு போடு. டூர்னிக்கெட் ஒன்று, அதாவது ரத்தம் நிற்கக் கை காலில் இறுக்கிக் கட்டுகிற பட்டை, வாங்கி வைத்திருக்கிறேன், உள்ளங்கை அகலம்தான். உன் பையில் லென்ஸுக்குப் பக்கத்தில் அதற்கு இடம் இருக்குமா, பார்த்துச் சொல்.

அம்மா