உருளைக்கிழங்குக்கு முன்னால் என்ன சாப்பிட்டார்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அயர்லாந்துக் கிராம உணவைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை சுவையாக இருந்தது. ஆனால் அந்த மக்கள் ஆதிகாலம் முதலே உருளைக்கிழங்குப் பிரியர்கள் என்ற தொனியை ஏற்க முடியவில்லை. அந்தக் கிழங்கு அங்கே போய்ச் சேர்ந்ததே 16ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான். அதற்கு முன்பு கோடையில் பால், தயிர், வெண்ணெய், பாலாடைக்கட்டி. குளிர்காலத்தில் ஓட்ஸ் கஞ்சியும் ரொட்டியும். வெண்ணெயைச் சதுப்பு நிலத்தில் புதைத்துவைக்கும் வழக்கம்கூட இருந்தது. அங்கே தோண்டுபவர்களுக்கு அது இன்றும் அவ்வப்போது கிடைக்கிறது.

பிறகு ஏன் கிழங்கே கதியானது? ‘எளிய ரசனை’ என்கிறார் கட்டுரையாளர். ரசனையாவது! நிலம் பண்ணையார்களிடம் இருந்தது. விளைந்த ஓட்ஸ், கடைந்த வெண்ணெய், வளர்த்த பன்றி எல்லாம் குத்தகைக்காகச் சந்தைக்குப் போயின. மிஞ்சிய துண்டு நிலத்தில் ஒரு குடும்பத்தின் வயிற்றை நிரப்ப உருளைக்கிழங்கால்தான் முடிந்தது. 1840களில் ஏறத்தாழ 30 லட்சம் பேர் அதை மட்டுமே நம்பியிருந்தார்கள். உழைக்கும் ஆண் ஒருவர் நாளுக்கு ஐந்தாறு கிலோ சாப்பிட்டிருக்கிறார்.

சாப்பிடும் விதத்தையும் கட்டுரையாளர் கொஞ்சம் சொல்லியிருக்கலாம். வெந்த கிழங்கைப் பிரம்புக் கூடையில் கொட்டி, நீரை வடித்து, கூடையை அந்தப் பானை மேலேயே வைத்துச் சுற்றி உட்காருவார்கள். தட்டு கிடையாது. கட்டைவிரல் நகத்தால் தோலை உரித்து, உப்பில் தொட்டுச் சாப்பிட்டு, மோர் குடிப்பார்கள். வெண்ணெய் எடுத்தபின் மிஞ்சும் மோர்தான், நம் வீட்டு மோரைப் போல. உத்தரத்தில் தொங்கும் பன்றி இறைச்சியை நோக்கிக் கிழங்கை நீட்டிக் காட்டிவிட்டு வாயில் போட்டுக்கொள்வதாக ஒரு பழைய வேடிக்கைப் பேச்சும் உண்டு.

அப்புறம், சோடா ரொட்டியைத் ‘தொன்மையான உணவு’ என்று எழுதியிருக்கிறார். அந்த ரொட்டியை உப்பவைக்கும் சமையல் சோடா அங்கே புழக்கத்துக்கு வந்ததே 19ஆம் நூற்றாண்டில்தான்.

ஒரு நல்ல வருடத்திலேயே பழைய கிழங்கு கோடை நடுவில் தீர்ந்துவிடும். புதியது வரும்வரை கடனுக்கு மாவு வாங்குவார்கள், சிலர் பிச்சைக்கும் போவார்கள். 1845இல் உருளைக்கிழங்குப் பயிரைக் கருகல் நோய் தாக்கியபோது இவர்களிடம் மாற்று உணவே இல்லை. அதன்பின் சுமார் 10 லட்சம் பேர் இறந்த பஞ்சத்துக்குக் கட்டுரையில் ஒரே ஒரு வரி! அந்த ஆண்டுகளிலும் ஓட்ஸும் வெண்ணெயும் கப்பலேறியதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. அயர்லாந்தின் துறைமுகமான கார்க் நகரத்து வெண்ணெய்ச் சந்தையைப் பற்றியாவது தனிக் கட்டுரை ஒன்று வெளியிடுங்கள்.

– வாசகர், திருச்சி